வேலூரில் ஹார்ட் டிஸ்க் பழுதானால் எந்த வாசற்படியை முதலில் மிதிப்பது?

லேப்டாப் திடீரென்று இயங்க மறுக்கிறது. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம் என்று சந்தேகம் வருகிறது. வேலூரில் இருப்பவருக்கு இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டிலேயே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்க்கலாம். ஆற்காடு சாலையிலோ காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ உள்ள ஒரு சர்வீஸ் கடையில் கொடுக்கலாம். சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய், கோப்புகளை மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்தில் ஒப்படைக்கலாம். எதுவும் செய்யாமல் பத்திரமாக எடுத்து வைக்கவும் செய்யலாம்.

காய்ச்சல் என்றால் முதலில் வீட்டுக் கஷாயம், கேட்காவிட்டால் தெருமுனை டாக்டர், அதற்கும் மசியாவிட்டால் சி.எம்.சி. என்றுதான் இந்த ஊரில் பழகியிருக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கையும் அதே வரிசையில் கொண்டுபோகிறோம்: செலவில்லாதது முதலில், செலவு அதிகமானது கடைசியில். உடம்புக்கு அந்த வரிசை பெரும்பாலும் பொருந்தும். கஷாயம் குடித்ததால் காய்ச்சல் முற்றுவதில்லை. பழுதான டிஸ்க்குக்கு அது பொருந்தாது. மின்சாரம் கொடுத்து ஓடவிடும் ஒவ்வொரு முறையும் அதன் மிச்ச ஆயுளில் ஒரு பங்கு கரைகிறது. முதல் முயற்சி தவறினால் அடுத்தவர் கைக்குப் போவது முன்னைவிட மோசமான டிஸ்க். கணினிப் பழுது பார்க்கும் மேசைகளுக்கு அருகே நான் பார்த்த இழப்புகளில் பெரும்பகுதி, டிஸ்க் கெட்ட பிறகு அதற்குச் செய்த வைத்தியத்தால் வந்தவை. ஆகவே இந்த வழிகளை விலையால் மட்டும் எடை போடாமல், ஒவ்வொன்றும் டிஸ்க்கிடமிருந்து எவ்வளவைப் பறிக்கிறது என்பதை வைத்தும் எடை போடுகிறேன்.

உள்ளே நடப்பது

லேப்டாப்பில் உள்ள 2.5 அங்குல டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு கொண்ட ஒன்றோ இரண்டோ தட்டுகள் சுழல்கின்றன. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. தட்டின் மேல் நகர்ந்து படிக்கும் நுனியை ‘ஹெட்’ என்கிறார்கள். அது தட்டைத் தொடாமல், சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். சிகரெட் புகையின் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது.

டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் கீழே விழுந்தால் ஹெட் தட்டில் மோதலாம். மோதிய இடத்தில் பூச்சு உரியும். உரிந்த தூள் உள்ளேயே சுற்றி, நன்றாக இருந்த இடங்களையும் கீறும். வளைந்த ஹெட்டுடன் டிஸ்க்கை ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஓடவிடும்போது, நொடிக்கு 90 சுற்று வீதம் அந்தக் கீறல் நடக்கிறது. உரிந்துபோன பூச்சில் இருந்த படத்தை எந்த ஆய்வகமும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், திரும்பக் கொண்டுவர முடியாது. இதை அறிந்துகொண்டால் மற்ற முடிவுகள் ஓரளவு தாமாகவே தெளியும்.

பழுது எது என்று தெரிந்துகொள்ளல்

முதலில், பழுது டிஸ்க்கில்தானா? திரை இருண்டுபோவதற்கு மதர்போர்டு, ரேம், திரையின் கேபிள் என்று வேறு காரணங்கள் எத்தனையோ. பல லேப்டாப்களில் டிஸ்க்கையும் போர்டையும் ஒரு மெல்லிய பட்டைக் கேபிள் இணைக்கிறது. அது மட்டும் கெட்டுப்போயிருந்தாலும் டிஸ்க் காணாமல் போனதாகவே கணினி சொல்லும். டிஸ்க் நலமாக இருந்தால், கழற்றி வேறு கணினியில் மாட்டியதும் கோப்புகள் அப்படியே கிடைத்துவிடும். பலருக்கு விஷயம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

டிஸ்க்தான் என்று தெரிந்தால் ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய ‘உம்ம்’ என்ற ஓசை கேட்டு, பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) டிஸ்க்கின் மாடல் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால் இயந்திரப் பகுதி பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. பழுது கோப்பு அமைப்பிலோ (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க்கில் உள்ள அட்டவணை), படிக்க முடியாத சில செக்டர்களிலோ (தட்டில் தரவு பதியும் சிறு கட்டங்கள்) இருக்கலாம். ‘டக், டக், டக்’ என்று சீரான இடைவெளியில் தட்டும் ஓசை கேட்டால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறது. உடனே நிறுத்த வேண்டும். மெல்லிய பீப் போன்ற முனகல் மட்டும் வந்து தட்டு சுழலாவிட்டால் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். ஓசையே இல்லாமல், முந்தைய இரவு இடி மின்னலோ மின்னழுத்த ஏற்ற இறக்கமோ இருந்திருந்தால் டிஸ்க்கின் அடியில் உள்ள சின்ன மின்சுற்றுப் பலகையைச் சந்தேகிக்கலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டும்போது போதிய மின்சாரம் கிடைக்காமலும் தட்டும் ஓசை வரும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தரவேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர்; சுழலத் தொடங்கும் கணத்தில் டிஸ்க் அதைவிட அதிகம் கேட்கலாம். யு.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லிஆம்பியர் தரும். லேப்டாப்புக்குள் இருந்தபோது தட்டாத டிஸ்க் அடாப்டரில் மட்டும் தட்டினால், நீல நிறத் துளையில் ஒருமுறை மாட்டிப் பார்ப்பது நியாயம். லேப்டாப்புக்குள்ளேயே தட்டியிருந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம்.

முதல் வழி: வீட்டிலேயே

ஓசை சீராக இருந்து, பயாஸில் பெயரும் சரியாக வந்தால், இந்த வழி உண்மையிலேயே நல்ல வழி. செலவு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாட்டா–யு.எஸ்.பி. அடாப்டரும், பழையதற்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய ஒரு புதிய டிஸ்க்கும்தான். புதிய டிஸ்க் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். மீட்ட கோப்பை வைக்க இடம் வேண்டுமே.

ஆனால் ‘வீட்டிலேயே’ என்பதற்குள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு முறைகள் இருக்கின்றன. பெரும்பாலோர் செய்வது, டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டி, இணையத்தில் முதலில் கண்ணில் படும் மீட்பு சாஃப்ட்வேரை அதன்மேல் நேரடியாக ஓடவிடுவது. டிஸ்க்கை மாட்டியதுமே ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். பிழை திருத்தவா என்றும் கேட்கும். பதற்றத்தில் இரண்டாவதற்குச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் திருத்தம் டிஸ்க்கில் எழுதுகிறது. நமக்கு வேண்டிய ஃபோல்டரின் தடயத்தையே மாற்றிவிடக்கூடும். படிக்க முடியாத செக்டர் இருந்தால் விண்டோஸ் அதையே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். டிஸ்க்கின் நல்ல நேரம் முழுவதும் கெட்ட இடத்தில் வீணாகும்.

இரண்டாவது முறை, முதலில் டிஸ்க்கை அப்படியே, செக்டர் செக்டராக, புதிய டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. பிறகு பழையதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் கோப்பைத் தேடுவது. இதற்கு லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸைத் தொடங்கி இதை ஓட்டலாம். இதன் அறிவு எதில் என்றால், முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துக்கொண்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய்விடும். டிஸ்க்கில் உயிர் இருந்தால் பிறகுதான் அந்த இடங்களுக்குத் திரும்பி வந்து சுரண்டி எடுக்கும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும், நாமே நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்தடை அறிவிக்கிற நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

நலமான 1 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படித்தால் மூன்று மணி நேரத்துக்குள் நகல் முடியும். யு.எஸ்.பி. 2.0 வழியாக, 30 மெகாபைட் வேகத்தில் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கெட்ட செக்டர்கள் இருந்தால் நாள்கணக்கிலும் போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், பகலில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். லேப்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு பொதுவாக 60 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. இடைவிடாமல் படிக்கும் டிஸ்க் அறையின் வெப்பத்தோடு தன் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளும். இரவில், டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பிவைத்துச் செய்யலாம்.

இந்த முறையில் உள்ள ஒரே பெரிய ஆபத்து, எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிடுவது. புதிய டிஸ்க்கின் வெற்றிடம் பழைய டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டால் எல்லாம் முடிந்தது. இரண்டு டிஸ்க்கின் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் காகிதத்தில் எழுதிவைத்து, திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். கட்டளைத் திரையில் தட்டச்சு செய்யும் பழக்கமே இல்லாதவர், வி.ஐ.டி.யிலோ மற்ற கல்லூரிகளிலோ கணினி படிக்கும் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது நல்லது.

நகல் கிடைத்த பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் தொலைந்த பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று பிரித்த டிஸ்க் பகுதியை, தேடித் தரும். அதோடு சேர்ந்தே கிடைக்கும் ஃபோட்டோரெக், கோப்பு அமைப்பே சிதைந்திருந்தாலும் ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்து மீட்டுத் தரும். ஆனால் பழைய பெயர்களும் ஃபோல்டர்களும் இருக்காது. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு வந்து நிற்கும். குடும்பப் படங்களுக்கு அது போதும், உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரு கணக்குத் தரவுக்கு அது போதாது.

ஃப்ரீசரில் வைத்து எடுப்பது, உள்ளங்கையில் தட்டுவது, மூடியைத் திறந்து ஹெட்டை விரலால் நகர்த்துவது ஆகியவற்றை வழி என்றே நான் எண்ணவில்லை. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரம் தட்டின்மேல் படியும். ஈரத்தட்டின் மேல் ஹெட் ஓடினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன நானோமீட்டர் கணக்கை வைத்து நீங்களே முடிவு செய்யலாம்.

இரண்டாம் வழி: ஊரில் உள்ள கடை

வேலூரில் கைத்தொழில் தெரிந்த சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். குறிப்பாக மின்சுற்றுப் பலகைப் பழுதில் அவர்களை நான் மனதார நம்புகிறேன். மின்னழுத்தம் ஏறினால் தன்னைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காக்கும் ஒரு சிறு பாதுகாப்பு டயோடு டிஸ்க்கின் பலகையில் இருக்கிறது. அது எரிந்து ஷார்ட் ஆகியிருந்தால், சாலிடரிங் கை நன்றாக உள்ள ஒருவர் அதை அகற்றி, கோப்பை எடுக்கும் அளவுக்கு டிஸ்க்கை எழுப்பிவிட முடியும். அந்த வேலைக்கு ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை.

அதே பலகை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ‘இதே மாடல் பலகையை வாங்கி மாற்றினால் போதும்’ என்று சொன்னால், பழைய பலகையில் உள்ள ரோம் சிப்பையும் மாற்றிப் பொருத்துவீர்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையிலேயே அளந்து எழுதிய தனித் திருத்த விவரங்கள் இப்போதைய டிஸ்க்குகளில் அந்தச் சிப்பில் இருக்கின்றன. அவை இல்லாமல் வேறு பலகையைப் பொருத்தினால் டிஸ்க் தன் தட்டையே சரியாகப் படிக்காது. கேள்வியைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாலே போதும், அவருக்கு இந்த வேலை தெரியுமா தெரியாதா என்பது விளங்கிவிடும்.

கவுன்ட்டரில் நின்று, ‘அண்ணா, உள்ளே இருக்கிற ஃபோட்டோ மட்டும் கிடைத்தால் போதும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை’ என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிடுகிறோம். முதலில் நகல் எடுத்துவிட்டு நகலில் வேலை செய்வீர்களா, டிஸ்க்கிலேயே நேரடியாகச் செய்வீர்களா? டிஸ்க்கின் மூடியைத் திறப்பீர்களா? கோப்பு கிடைக்காவிட்டால் என்ன கட்டணம்? வேறு ஊருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால் யாரிடம்? மூடியைத் திறப்பேன் என்று ஒருவர் சொல்லி, கடையில் வடிகட்டிய காற்று வரும் தனி அறை இல்லாவிட்டால், டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தெரிந்த ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ இப்படித்தான் போனது. தெருப்புழுதி வந்து போகும் ஒரு மேசையில், மின்விசிறிக்குக் கீழே, மூடி திறக்கப்பட்டது. பிறகு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனபோது தட்டில் வட்ட வட்டமாகக் கீறல்கள்.

வேலூர்க் கடை என்பதற்காகக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலும் ‘டேட்டா ரிகவரி’ என்று பெயர்ப்பலகை வைத்த எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. பல கடைகள் டிஸ்க்கை வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றுகின்றன. கைமாறுவதில் தவறில்லை, அதை மறைப்பதில்தான் தவறு.

இன்னொன்று, அந்தரங்கம். டிஸ்க்குக்குள் வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார் நகல்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருக்கும். சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். வேலை முடிந்ததும் கடையின் கணினியில் உள்ள நகலை உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையான சர்வீஸ்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாம் வழி: சென்னை அல்லது பெங்களூர் ஆய்வகம்

டிஸ்க் தட்டுகிறது, முனகுகிறது, பயாஸில் பெயர் தவறாக வருகிறது, கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டுகிறது, கீழே விழுந்தது அல்லது நீரில் நனைந்தது: இவற்றில் ஒன்று உண்மை என்றால், கோப்புகளும் முக்கியம் என்றால், முதல் படியே ஆய்வகமாக இருக்க வேண்டும். வீட்டு முயற்சியும் கடை முயற்சியும் தோற்ற பிறகு போகும் இடமாக இருக்கக் கூடாது.

அங்கே நடப்பது என்ன? டிஸ்க்கைத் திறப்பதற்கு, ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ அளவுள்ள துகள்கள் நூறுக்கு மேல் இல்லாத சூழலைப் பயன்படுத்துவார்கள். ‘கிளாஸ் 100’ என்று அதைச் சொல்வார்கள். அதே மாடல், அதே வகை ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் உள் நிரல்) கொண்ட இன்னொரு டிஸ்க்கைத் தேடி வாங்கி, அதன் ஹெட்களைக் கழற்றி உங்கள் டிஸ்க்கில் பொருத்துவார்கள். பொருத்திய ஹெட் நீண்ட நாள் உழைக்காது. அது உயிரோடு இருக்கும் நேரத்துக்குள், எந்த ஹெட் எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்று பார்த்து, தேவையான பகுதியை முதலில் நகல் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் ‘எனக்கு முதலில் வேண்டியவை இவை’ என்று ஒரு பட்டியல் கொடுப்பது மிகவும் உதவும். டெஸ்க்டாப்பில் இருந்த இன்ன ஃபோல்டர், இன்ன ஆண்டின் படங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

கட்டணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோப்பு அமைப்புப் பழுதுக்குச் சில ஆயிரங்கள் என்றால், ஹெட் மாற்ற வேண்டிய பழுதுக்குப் பத்தாயிரங்களில்தான் பேசுவார்கள். ஏற்கெனவே யாராவது திறந்த டிஸ்க் என்றால் கட்டணம் ஏறும், வாய்ப்பு குறையும். டிஸ்க்கைச் சோதிக்க மட்டும் என்ன கட்டணம், மீட்க முடிந்த கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகு பணம் வாங்குவார்களா என்பதை முதலிலேயே எழுத்தில் பெறுவது அவசியம்.

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு வசதி உண்டு. காட்பாடி சந்திப்பு சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே உள்ள பாதையில் இருக்கிறது. சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பெங்களூருக்கு அதைவிடக் கூடுதல், ஆனாலும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இரண்டு ஊர்களிலும் விலை கேட்டு, சோதனை அறிக்கையை ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். கூரியரில் அனுப்புவதைவிட மடியில் வைத்துக்கொண்டு போவதையே நான் விரும்புவேன். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, எல்லாப் பக்கமும் கனமான ஸ்பான்ஜ் வைத்து, அசையாத பெட்டியில் அனுப்புங்கள்.

நனைந்த டிஸ்க்குக்குத் தனி விதி. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நமக்கு நினைவிருக்கிறது. அப்படி நீர் புகுந்த லேப்டாப்பின் டிஸ்க்கை வெயிலில் காயவைக்கக் கூடாது, அரிசியில் புதைக்கக் கூடாது. காய்ந்தால் நீரில் கலந்த சேறும் உப்பும் தட்டின்மேல் இறுகிவிடும். ஈரத்தோடு அப்படியே காற்றுப் புகாத உறையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது.

நான்காம் வழி: எடுத்து வைப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. கையில் இப்போது பணம் இல்லை, ஆனால் கோப்புகள் வேண்டும் என்றால் இதுவே மிகச் சிறந்த வழி. ஓடாத டிஸ்க்கின் தட்டில் பதிந்த காந்தப் பதிவு சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ அழிந்துவிடாது. உறையில் போட்டு, பழுதான தேதியையும் கேட்ட ஓசையையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடலாம். பணம் சேரும்போது ஆய்வகத்துக்குப் போகலாம். அரைகுறையான ஒரு முயற்சிக்கு இன்று இரண்டாயிரம் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்குக்கு இது பொருந்தாது. அதில் சுழலும் தட்டு இல்லை. மின்னூட்டமாகத்தான் தரவு நிற்கிறது. தேய்ந்துபோன எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல், அதுவும் வெப்பமான இடத்தில், நீண்ட காலம் கிடந்தால் தரவு மங்கும். தவறுதலாக அழித்த கோப்பை எஸ்.எஸ்.டி.யிலிருந்து மீட்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. அழித்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாடு பின்னணியில் காலி செய்துவிடுகிறது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான்.

விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாவிட்டால் ஆய்வகம் நகல் எடுத்துக் கொடுத்தாலும் திறக்க முடியாது. அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்த வழியில் போவது என்று முடிவு செய்யும் முன்பே அதை எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

செலவு செய்யும் முன், கோப்புகள் வேறெங்காவது இருக்கின்றனவா என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து தேடுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றுகள் டிஜிலாக்கரில் கிடைக்கலாம். ஜி.எஸ்.டி., வருமான வரி அறிக்கைகளை அந்தந்தத் தளங்களிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சித்தப்பாவின் வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படங்கள் இருக்கும். ஆய்வுக் கட்டுரையின் போன மாத வடிவம் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருக்கும். பட்டியலில் மிஞ்சுவது எது என்று தெரிந்த பிறகுதான், பத்தாயிரங்கள் கொடுக்கத் தகுதியானதா என்று முடிவெடுக்க முடியும்.

குடியாத்தத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர், வாடிக்கையாளரிடம் இன்னும் ஒப்படைக்காத படங்களோடு டிஸ்க் தட்டத் தொடங்கினால், நேராகச் சென்னைக்குப் போக வேண்டும். கேமராவின் மெமரி கார்டில் புதிய படம் எடுக்காமல் நிறுத்தவும் வேண்டும். அதிலிருந்தே மீட்க வாய்ப்பிருக்கிறது, ஆய்வகச் செலவே இல்லாமல் போகலாம். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் தொழிலுக்கு உதிரிபாகம் விற்கும் கடையின் கணக்கு, சீராக ஓடும் ஆனால் மெதுவாகிவிட்ட டிஸ்க்கில் இருந்தால், அன்றிரவே நகல் எடுக்கும் வழி போதும். நகல் எடுத்துத் தரத் தெரிந்த கடையிலும் கொடுக்கலாம். இறந்துபோன தந்தையின் குரல் பதிவு ஒன்று, முனகும் டிஸ்க்கில், கையில் பணமில்லாத ஒரு வீட்டில் இருந்தால், அலமாரிதான் என் பதில். பாட்டும் சினிமாவும் மட்டும் இருந்த டிஸ்க் என்றால், வீட்டிலேயே எதை வேண்டுமானாலும் முயன்று பாருங்கள், கைப்பழக்கம் வரும்.

தீர்மானிக்க முடியாமல் தவிப்பவருக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோப்புகள் இனி ஒருபோதும் கிடைக்காது என்று சொன்னால் உங்களால் தாங்க முடியுமா? முடியும் என்றால் வீட்டு வழியிலோ கடை வழியிலோ போகலாம். முடியாது என்றால், ஓசை சீராக இருந்தாலும்கூட, முதல் நகலை அனுபவமுள்ளவர் கையால் எடுக்கவையுங்கள்.

கோப்புகள் வந்து சேர்ந்ததும் பட்டியலைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பெயரும் அளவும் சரியாக இருந்து, உள்ளே பாதி வெறுமையாக இருக்கும் கோப்புகள் உண்டு. படங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பாருங்கள், வீடியோவைக் கடைசி வரை ஓட்டுங்கள், கணக்குக் கோப்பை அதன் சாஃப்ட்வேரிலேயே திறந்து நிலுவை சரியா என்று பாருங்கள். ஆய்வகங்கள் தம்மிடமுள்ள நகலைக் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு அழித்துவிடும். சோதனையை அதற்குள் முடிக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வைத்த பிறகே பழைய டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம். போடும் முன் சுத்தியலால் உடைக்கப்போகிறீர்கள் என்றால் கனத்த துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. அடித்ததும் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.